எங்கே துளைப்பது

திருச்செங்கோட்டுப் பக்கம் ஆழ்துளைக் கிணறு போடும் இடத்தில் ஒரு முறையாவது நின்றவர்களுக்குப் புகை என்ற சொல்லின் பொருள் தெரியும். ஆயிரம் அடி இறங்கிய பிறகும் குழியிலிருந்து ஈரமில்லாத கல்மாவு மட்டுமே வெள்ளையாக மேலெழுந்து பரவினால், ‘புகைதான் வருது’ என்பார்கள். நிலத்துக்காரர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கமாட்டார். அந்தப் புகையைப் பார்த்தே வளர்ந்தவன் நான். அப்பா துளைபோடும் ரிக் வண்டியில், அதை இயக்கும் டிரில்லராக இருந்தார். பள்ளிப்படிப்பு முடிந்ததும் நானும் ராடு என்ற துளைக்கம்பியை மாட்டும் வேலையில் சேர்ந்து, மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம் என்று சில ஆண்டுகள் சுற்றிவிட்டு, 2015-இல் கென்யாவுக்குப் போனேன். எங்கள் ஊர் வண்டிகளும் ஆட்களும் ஆப்பிரிக்க நாடுகளுக்குப் போவது அப்போதே வழக்கமாகிவிட்டிருந்தது. எட்டு ஆண்டுகள் அங்கே இருந்தேன். அவற்றில் பெரும்பகுதி கஜியாடோவில், மாசாய் மக்களின் நிலத்தில் கழிந்தது. நல்ல பாயிண்ட், அதாவது துளைக்க ஏற்ற இடம், எது என்று அப்பாவிடம் கற்றிருந்ததை அந்த நிலத்தில் நான் மறுபடியும் முதலிலிருந்து கற்க வேண்டியிருந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கஜியாடோ நைரோபிக்குத் தெற்கே தொடங்கித் தான்சானியா எல்லை வரை நீளும் பகுதி. மாசாய் மக்கள் பேசும் மா மொழியில் அந்தப் பெயருக்கு ‘நீண்ட ஆறு’ என்று பொருள். ஆண்டின் பெரும்பகுதி அந்த ஆற்றில் மணல்தான் கிடக்கும். நைரோபி என்ற பெயரும் ‘என்காரே நைரோபி’, அதாவது குளிர்ந்த நீர் என்ற மா சொற்களிலிருந்து வந்தது. என்காய் என்ற ஒரே சொல் அவர்களுக்குக் கடவுளையும் வானத்தையும் மழையையும் குறிக்கிறது. அவர்கள் நம்பிக்கையில் கறுத்த என்காய் மழையையும் புல்லையும் தருவது. சிவந்த என்காயின் சினமே வறட்சி. மழைமேகம் கூடும்போது ஒரு முதியவர் வானத்தைப் பார்த்துச் சொல்லும் சொல்லும் தொழும்போது சொல்லும் சொல்லும் ஒன்றாகவே இருப்பதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

நீர் கொண்டுவருவது அங்கே பெண்களின் வேலை. வீடு கட்டுவதும், பால் கறப்பதும், விறகு பொறுக்குவதும் அவர்களுடையதே. வறண்ட ஆற்றுப்படுகையில், நம் ஆறுகளில் ஊற்றுத் தோண்டுவதைப் போலவே, மணலைக் கைகளாலும் கிண்ணத்தாலும் அள்ளிக் குழி பறித்து, கலங்கிய நீர் ஊறும் வரை காத்திருந்து, 20 லிட்டர் கேன்களில் நிரப்பிக் கழுதைகளின் மேல் ஏற்றுவார்கள். கழுதை இல்லாதவள் கேனின் வாரை நெற்றியில் மாட்டி முதுகில் சுமப்பாள். அதே குழியில் இரவில் வரிக்குதிரையும் கழுதைப்புலியும் வாய் வைத்திருக்கும். வயிற்றுப்போக்கு, டைபாய்டு ஆகியவற்றோடு டிரக்கோமா என்ற கண்நோயும் கஜியாடோ, நரோக் பகுதிகளில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. கண்ணிமையின் உட்புறம் தடித்து, இமை மயிர் உள்நோக்கித் திரும்பி, கருவிழியை உரசி உரசிப் பார்வையைக் கெடுக்கும் அந்த நோய்க்குச் சொல்லப்படும் தடுப்புகளில் ஒன்று, குழந்தைகளின் முகத்தை அடிக்கடி கழுவுவது. குடிக்கவே அளந்து ஊற்றும் வீட்டில் முகம் கழுவ நீர் எங்கிருந்து வரும்?

இவர்கள் ஏன் நீரில்லாத இடத்தில் வந்து வாழ்கிறார்கள் என்று எங்கள் வண்டிக்குப் புதிதாக வந்த பையன் ஒருமுறை கேட்டான். அவர்களாக வந்த இடமன்று அது. 1904-இல் பிரிட்டிஷ் நிர்வாகம் ஓர் ஒப்பந்தத்தைக் காட்டி, பிளவுப் பள்ளத்தாக்கின் நைவாஷா, நகுரு பக்கத்து மேய்ச்சல் நிலங்களை வெள்ளைக் குடியேறிகளுக்கு எடுத்துக்கொண்டு, மாசாய் மக்களை வடக்கே லைக்கிப்பியாவிலும் தெற்கேயும் இரண்டு ஒதுக்கிடங்களுக்கு அனுப்பியது. 1911-இல் இன்னோர் ஒப்பந்தம் வந்து, லைக்கிப்பியாவையும் காலிசெய்ய வைத்து, அனைவரையும் மந்தைகளோடு தெற்கே நடத்தியது. 1913-இல் அவர்கள் நீதிமன்றம் வரை போனார்கள், வழக்கு தள்ளுபடியானது. அவர்களிடமிருந்து போனவை வற்றாத ஓடைகள் உள்ள மேட்டு நிலங்கள். எஞ்சியதில் மழைக்காலத்தில் நல்ல புல் வளரும். கோடையில் நீர் இராது. கஜியாடோவில் ரிக் வண்டிக்கு ஏன் இவ்வளவு வேலை இருக்கிறது என்ற கேள்விக்கு விடையின் பாதி இந்த ஆண்டுகளில்தான் உள்ளது.

மறுபாதி பாறையில் உள்ளது. கஜியாடோவின் கிழக்குப் பகுதியில் துளைக்கும் முனையான பிட் இறங்கியபோது குழியிலிருந்து வந்த மாவு, எங்கள் ஊரில் பார்த்த அதே நிறத்தில், அதே மினுமினுப்போடு இருந்தது. நிலவியலாளர் ஒருவர் பிறகு விளக்கினார்: பல கோடி ஆண்டுகளுக்கு முன் கண்டங்கள் ஒட்டியிருந்தபோது கிழக்கு ஆப்பிரிக்காவின் அந்தப் பாறைத்தொடரும் தமிழகத்துப் பாறைகளும் அருகருகே இருந்தவை. இரண்டு இடத்திலும் பாறைக்கு உள்ளே நீர் இல்லை. வெடிப்புகளிலும், மேலே மக்கிப்போன அடுக்கிலும் மட்டுமே நீர் இருக்கும். வெடிப்பைத் தவறவிட்டால் பத்தடி தள்ளி இறங்கினாலும் புகைதான். மேற்கே பிளவுப் பள்ளத்தாக்கை நெருங்கினால் கதை மாறும். அங்கே எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக உறைந்திருக்கும். ஒரு குழம்பு ஓடி உறைந்து, அதன் மேல் மண் படிந்து, நெடுங்காலத்துக்குப் பின் அடுத்த குழம்பு வந்து மூடிய இடங்களில் அந்தப் பழைய தரைமட்டத்தில் நீர் தங்கியிருக்கும். அதனால் ஒருவர் முதலில் வந்து நிலத்தில் கம்பிகளை நட்டு மின்சாரம் செலுத்தி, ஆழத்தின் மின்தடையை அளந்து அறிக்கை எழுதுவார். நீர்வள ஆணையத்தின் அனுமதி கிடைத்த பிறகே வண்டி நகரும். அறிக்கையில் இரண்டு மூன்று பாயிண்டுகள் இருக்கும். எது சிறந்தது என்பது மின்தடையைக் கொண்டு தீர்மானிக்கப்படும். எனக்கும் அப்போது அதுவே போதுமானதாகத் தோன்றியது.

2016-இல் பிசில் என்ற சந்தை ஊருக்குத் தெற்கே ஒரு வெளியில் போட்ட கிணற்றை மறக்க முடியாது. 470 அடி வரை புகை. கம்ப்ரஸரின் ஓசை மாறியதும் அடிவயிற்றில் ஒன்று புரண்டது. அடுத்த ராடு மாட்டி, பாறையை உடைக்கும் ஹேமரை இறக்கியபோது மாவு சேறாகி, சேறு நீராகி, குழாயின் வாயிலிருந்து மரத்தளவு உயரத்துக்குப் பீய்ச்சியது. குழந்தைகள் அதனடியில் ஓடினார்கள். பெண்கள் கழுத்து மணிகள் குலுங்கக் குதித்துப் பாடினார்கள். கிணற்றுக்குப் பணம் கொடுத்தவர்களின் ஆட்கள் படம் எடுத்தார்கள். ஒரு முதியவர் வாயில் பால் ஊற்றிக்கொண்டு, ஆசீர்வாதமாக வண்டியின் மேல் உமிழ்ந்தார். அன்றிரவு அப்பாவிடம் தொலைபேசியில் பேசும்போது எனக்குக் குரல் எழவில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து மோட்டார் பழுது பார்க்க அதே இடத்துக்குப் போனேன். தூரத்திலிருந்து பார்த்தபோது வழி தவறிவிட்டோம் என்றுதான் நினைத்தேன். முழங்கால் உயரம் புல் நின்ற வெளி, தொட்டியைச் சுற்றிக் கண்ணுக்கெட்டியவரை சிவந்த புழுதியாகக் கிடந்தது. சில கடைகளும் தகரக் கூரைகளும் முளைத்திருந்தன. வண்டியின் மேல் பால் உமிழ்ந்த அதே முதியவர் என்னை அடையாளம் கண்டு அருகில் வந்தார். அங்கே பெரியவர்களை ‘ம்ஸே’ என்று அழைப்பது வழக்கம். நான் தலை குனிந்து நின்றேன், ம்ஸே கையை என் தலையில் வைத்தார். பிறகு அவர் பேசியதை உடன் வந்த இளைஞர் சுவாஹிலியில் சொன்னார். அந்த வெளி மழைக்காலத்து மேய்ச்சல் நிலம். மழை பெய்து குட்டைகள் நிறையும் மாதங்களில் மட்டும் மந்தைகள் அங்கே வரும். குட்டை வற்றியதும், புல் மிஞ்சியிருந்தாலும், நீர் இல்லாததால் போயாக வேண்டும். அந்த நீரின்மைதான் அந்தப் புல்லின் வேலி. நாங்கள் வற்றாத நீரைக் கொடுத்து வேலியைப் பிடுங்கிவிட்டோம். மந்தைகள் ஆண்டு முழுவதும் அங்கேயே நின்றன, வெளியிலிருந்தும் வந்து சேர்ந்தன. புல்லுக்கு விதைவிட நேரம் கிடைக்கவில்லை. ம்ஸே கோபப்படவில்லை. “நீ நீரைக் கண்டாய். எங்களைக் கேட்டிருந்தால் இடத்தையும் கண்டிருப்பாய்” என்றார்.

நான் அதற்குப் பிறகுதான் மேய்ச்சலின் ஒழுங்கைக் கவனித்தேன். மார்ச் முதல் மே வரை நீண்ட மழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை குறுகிய மழை. இரண்டுக்கும் இடையில் மந்தை எங்கே நிற்க வேண்டும், எந்தப் புல்லைக் கடைசி வரை தொடக்கூடாது, கன்றுகளுக்காக வீட்டருகே எவ்வளவு நிலம் விட்டுவைக்க வேண்டும் என்பதையெல்லாம் மரத்தடிக் கூட்டத்தில் பேசி முடிவுசெய்திருப்பார்கள். நீருக்கும் முறை உண்டு. ஆறும் குட்டையும் பொது. ஒரு குலத்தார் கையால் தோண்டிய கிணற்றில் அந்தக் குலத்துக்கு முதல் உரிமை, மற்றவர் கேட்டுத்தான் மந்தையை இறக்க வேண்டும். நாங்கள் போட்ட கிணற்றுக்கு அப்படி ஒரு குலம் இல்லை. பணம் கொடுத்தவர்களின் பெயர்ப்பலகைதான் இருந்தது.

இந்தத் தவறு எங்களோடு தொடங்கியதுமன்று. இன்றைய தான்சானியாவின் பெரும்பகுதியான தாங்கனிக்காவில் 1950களின் தொடக்கத்திலேயே மாசாய் வளர்ச்சித் திட்டம் என்ற பெயரில் கிணறுகளும் அணைகளும் அமைத்தார்கள். 1970களில் அமெரிக்க உதவியோடு மீண்டும் அமைத்தார்கள். 1959-இல் செரெங்கெட்டிப் பூங்காவிலிருந்து மாசாய் மக்களை ங்கோரோங்கோரோவுக்கு அனுப்பியபோது கொடுத்த வாக்குறுதிகளில் நீர் வசதியும் ஒன்று. கென்யாவில் அம்போசெலி 1974-இல் தேசியப் பூங்காவானதும், சதுப்பு நீரை இழந்த மந்தைகளுக்காகப் பூங்காவுக்கு வெளியே குழாய் போட்டார்கள். சில ஆண்டுகளில் அது செயலிழந்தது, மாடுகள் பழைய சதுப்புக்கே திரும்பின. எங்கள் வண்டி நிற்கும் இடத்தில் பழைய சிமெண்டுத் தொட்டி ஒன்று உடைந்து கிடப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். யார் கட்டியது என்று கேட்டால், தாத்தா காலத்தில் யாரோ வந்தார்கள் என்பார்கள்.

இடம் சரியாக இருந்தும் நீர் கெட்டுப்போன கதை ஒன்றும் உண்டு. மேற்கே எரிமலைப் பாறையில் 600 அடிக்குமேல் போய்க் கிடைத்த நீர் அது. கண்ணாடிபோல் இருந்தது, உப்பும் கரிக்கவில்லை. எங்களை அமர்த்தியவர்கள் ஆய்வகத்தின் முடிவு வருமுன்னரே திறப்புவிழாவை வைத்துவிட்டார்கள். முடிவு வந்தபோது லிட்டருக்கு 6 மில்லிகிராமுக்குமேல் புளோரைடு. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 1.5. அந்த எரிமலைப் பாறைகளில் புளோரைடு மிகுதி. நீரில் சோடியம் நிறைய, சுண்ணாம்புச் சத்து குறைவு. சுண்ணாம்பு இருந்தால் புளோரைடு அதனோடு சேர்ந்து படிந்துவிடும். இல்லாததால் நீரிலேயே கரைந்து நிற்கும். தெளிந்த நீர் நல்ல நீர் என்று நம் கண் சொல்வதை அங்கே நம்பக்கூடாது. கொதிக்க வைத்தால் நீர் குறைந்து நஞ்சு செறியுமே தவிர விலகாது. எல்லைக்கு அப்பால் அரூஷா பகுதியில் இந்தச் சிக்கல் எவ்வளவு பெரியதென்றால், தான்சானியா வெகுகாலம் 4 மில்லிகிராம் வரை அனுமதித்து வந்தது.

புளோரைடு மிகுந்த நீர் பல்லைக் கெடுக்கும் அந்த நோய் எனக்குப் புதிதில்லை. தர்மபுரியில் என் அத்தை வீட்டுப் பக்கம் பழுப்புப் பற்களோடு சிரிக்கும் பிள்ளைகளோடுதான் விடுமுறைகளில் விளையாடினேன். அந்த மாவட்டத்துக்கும் கிருஷ்ணகிரிக்கும் ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் கொண்டுவந்ததே நிலத்தடி நீரின் புளோரைடுக்காகத்தான். படிகாரமும் சுண்ணாம்பும் இட்டுப் புளோரைடைப் படியவைக்கும் நல்கொண்டா முறை நம் நாட்டில் உருவாகித் தான்சானியா வரை போனது. மாட்டெலும்பைச் சுட்டுக் கரியாக்கி அதன் வழியே நீரை வடிகட்டும் முறை அரூஷாவுக்கு அருகே ங்குர்தோட்டோவிலும் கென்யாவில் நகுருவிலும் வளர்ந்தது. இவ்வளவு தெரிந்திருந்தும், பீய்ச்சிய நீரைப் பார்த்த மகிழ்ச்சியில் நானும் முடிவுக்குக் காத்திருங்கள் என்று உரக்கச் சொல்லவில்லை. அந்தக் கிணற்று நீர் குடிப்பதற்கல்ல, மாட்டுக்கு மட்டும் என்று எழுதிவைத்தார்கள். எழுத்து யாரையும் தடுக்கவில்லை. வடிகட்டி வந்து சேர ஒரு கோடை முழுவதும் ஆனது. அதற்குள் பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும் வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர் குடித்தார்கள் என்று நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது.

கைப்பம்பு வைத்தால் மின்சாரமும் வேண்டாம், பழுதும் எளிது என்று ஊரிலிருந்து நண்பர்கள் சொல்வார்கள். 1970களில் சென்னைத் தொழிற்சாலையில் முதலில் தயாரான இந்தியா மார்க் 2 பம்பு ஆப்பிரிக்கக் கிராமங்களில் நிற்பதைக் காணும்போது எனக்கும் பெருமைதான். ஆனால் அது 50 மீட்டர் ஆழம் வரைக்கும் ஆன பம்பு. கஜியாடோவில் நீர்மட்டமே 100 மீட்டருக்குக் கீழே இருக்கும் இடங்களில் அதற்கு வேலை இல்லை. நீர்மூழ்கி மோட்டார் வேண்டும். முன்பு டீசல் ஜெனரேட்டர், இப்போது சோலார் தகடு. மோட்டார் நின்றால் அதை மேலே தூக்கவே மூன்றுகால் தூக்குச் சட்டமும் ஆட்களும் தேவை. ஆப்பிரிக்காவின் கைப்பம்புகளிலேயே மூன்றில் ஒரு பங்கு செயலற்று நிற்கின்றன என்று 2009-இல் கணக்கிட்டார்கள். மோட்டார் கிணறு நின்றுபோனால் அதை எழுப்ப ஒரு கிராமம் எத்தனை ஆடுகளை விற்க வேண்டும் என்பதை நான் நேரிலேயே பார்த்தேன்.

2019-இல் மஷுரு பக்கம் ஒரு கிணற்றுக்குக் கூப்பிட்டார்கள். அறிக்கையில் இரண்டு பாயிண்டுகள். முதலாவது சாலையோரம், வண்டி எளிதாக நிற்கும், நீரும் மிகுதி என்று குறித்திருந்தது. இரண்டாவது மூன்று கிலோமீட்டர் உள்ளே, முள்மரங்களுக்கு நடுவே. நீர் கிடைக்கலாம் என்று மட்டும் எழுதியிருந்தது. அப்போது நான் டிரில்லர். கிராமத்தாரைக் கேட்காமல் இறக்கமாட்டேன் என்று பொறுப்பாளரிடம் சொன்னேன். மரத்தடிக் கூட்டம் நடந்தது. ஆண்கள் பேசினார்கள், பெண்கள் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். மாலையில் அவர்களிடம் தனியாகப் போய்க் கேட்டோம். நரைத்த, நீண்ட காதுமடல்களில் மணிகள் தொங்கிய ஒரு தாய் எழுந்தார். யேயோ என்றால் மா மொழியில் தாய். எல்லோரும் அவரை அப்படித்தான் அழைத்தார்கள். கிலோமீட்டரில் அவர் பேசவில்லை. விடிவெள்ளி முளைக்கும்போது கழுதையோடு கிளம்பினால், சாலையோரப் பாயிண்டிலிருந்து வீடு திரும்பும்போது கன்றுகள் தாயைத் தேடிக் கத்திக்கொண்டிருக்கும் என்றார். முள்மரத்துப் பாயிண்டிலிருந்து திரும்பினால் கன்றுகள் இன்னும் உறங்கிக்கொண்டிருக்கும். ஆண்கள் வேறு காரணம் சொல்லியிருந்தார்கள்: சாலையோரம் மழைக்காலப் புல், முள்மரத்துப் பக்கம் கோடைப் புல். கோடையில்தான் அங்கே நீர் தேவை. இரண்டு காரணங்களும் ஒரே இடத்தைக் காட்டின.

முள்மரங்களுக்கு நடுவே வழி வெட்டி வண்டியைக் கொண்டுபோக இரண்டு நாள் ஆயிற்று. 400 அடி வரை புகை. 500 அடி வரை புகை. பொறுப்பாளர் நிறுத்தச் சொன்னார். இன்னும் நான்கு ராடு என்று கேட்டேன். சாலையோரத்து நல்ல பாயிண்டை விட்டுவிட்டு இவர்களின் சொல்லைக் கேட்டுவந்த பொறுப்பு என் தலையில் இருந்தது. யேயோ ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து, முகமெல்லாம் மாவு படிய, எழாமல் பார்த்துக்கொண்டிருந்தார். 560 அடியில் மாவு நனைந்தது. பீய்ச்சி அடிக்கவில்லை, மணிக்கு 3,000 லிட்டர் என்று சோதனையில் தெரிந்தது. புளோரைடு 1 மில்லிகிராமுக்குக் கீழே என்று காகிதம் கைக்கு வந்த பிறகே குழாய் இறக்கினோம்.

அதற்குப் பிறகு கணக்குப் போட்டோம். சோலார் பம்பு நாளுக்கு ஆறு மணி நேரம் நன்றாக ஓடினால் 18,000 லிட்டர். ஒரு மாட்டுக்கு 30 லிட்டர் என்றால் 500 மாடுகளுக்கே 15,000 லிட்டர் போய்விடும். முன்பு பார்த்த கிணறுகளில் மாடுகள் தொட்டியை மொய்க்க, பெண்கள் கேனோடு மாலை வரை ஒதுங்கி நின்றது நினைவிருந்தது. ஆகவே இரண்டு தொட்டிகள்: மேட்டில் முதலில் நிறைவது பெண்களின் குழாய்க்கானது, அது நிரம்பி வழிவதுதான் மாட்டுத் தொட்டிக்குப் போகும். மாட்டுத் தொட்டி இருநூறு அடி தள்ளி, சரிவின் கீழே, சாணமும் மூத்திரமும் கிணற்றுப் பக்கம் வராதபடி. சுற்றிலும் முள்வேலி. வெளியூர் மந்தை வந்தால் கேட்டு, ஒரு தொகை கொடுத்து இறக்கலாம். அந்தப் பணம் பழுதுக்கு. சாவி யேயோவிடம் இருக்கட்டும் என்று பெண்கள் கேட்டார்கள். ஆண்கள் ஒரு பகல் முழுவதும் விவாதித்து ஒப்புக்கொண்டார்கள். மழை வந்து குட்டைகள் நிறைந்தால் மாட்டுத் தொட்டியை அடைத்துவிட வேண்டும் என்ற விதியை ஆண்களே சேர்த்தார்கள்.

2020-இன் இறுதியில் தொடங்கித் தொடர்ந்து ஐந்து மழைக்காலங்கள் பொய்த்தன. கஜியாடோவின் சாலைகளில் இறந்த மாடுகள் வரிசையாகக் கிடந்ததை 2022-இல் பார்த்தேன். மஷுருக் கிணற்றிலும் சுற்றுவட்டாரத்து மந்தைகள் எல்லாம் வந்து நின்றன. நீர் இருந்தது, புல் முடிந்துபோனது. கிணறு இருந்தும் பாதிக்குமேல் மாடுகள் அங்கேயும் செத்தன. பெண்களின் குழாய் மட்டும் ஒரு நாளும் வறளவில்லை. இரண்டு முறை மோட்டார் நின்றபோது சேர்த்துவைத்த பணத்தில் மூன்று நாளுக்குள் சரிசெய்துவிட்டார்கள்.

2023 மார்ச்சில் ஊருக்குத் திரும்புமுன் சொல்லிக்கொள்ளப் போனேன். முந்தைய இரவுகளில் மழை பெய்து குட்டைகளில் நீர் கிடந்தது. எஞ்சிய மாடுகள், விலா எலும்பு தெரிய, தொட்டியருகே நின்றன. யேயோ அங்கே இருந்தவர்களிடம் ஏதோ சொன்னார். தொட்டியின் அடியில் மிஞ்சியிருந்த நீரைக் கன்றுகளுக்கு விட்டார்கள். பிறகு அவர் குனிந்து மாட்டுத் தொட்டிக்குப் போகும் வால்வை அடைத்து, பூட்டை மாட்டி, சாவியைக் கழுத்து மணிகளுக்குள் போட்டுக்கொண்டார். மறுநாள் விடியலில் மந்தைகள் சாலையோரத்து வெளியை நோக்கி நகர்ந்தன. முள்மரங்களின் கீழே பெண்கள் கேன்களை வரிசையில் வைத்திருந்தார்கள், கழுதைகள் காத்து நின்றன.